ஒங்கம்மா நாற்காலியில ஒட்டு நிக்கல

மகளே,

நல்லா இருக்கியான்னு கேக்குற யோக்கியத எனக்கு இல்ல, அதனால கேக்கல. நான் நல்லா இல்ல. ஒங்கம்மாவும் நல்லா இல்ல. நீ என் போன எடுத்து மூணு வருசமாச்சு, அது ஞாயந்தான், அதப்பத்தி எனக்கு ஒரு வார்த்த பேச உரிம இல்ல. இத என் கைப்பட எழுதி நம்ம கோயில் வாசல்ல இருக்கிற அறிவிப்புப் பலகையில ஒட்டப் போறேன். பக்கத்து வீட்டு, அடுத்த காம்பரா வசந்தி அத போட்டோ புடிச்சு ஒன் போனுக்கு அனுப்புறேன்னு சொல்லியிருக்கு. அப்பன் மகளுக்கு எழுதுறத ஊருக்கே ஏன் காட்டுறான், கெழவனுக்குப் புத்தி பெரண்டு போச்சான்னு நீ நெனைக்கலாம். ஊரு படிக்கணும்னுதான் எழுதுறேன். ஏன்னு கடைசி வரைக்கும் படிச்சா ஒனக்கே புரியும்.

ஒங்கம்மாவுக்கு ரெண்டு கிட்னியும் போயிருச்சு. ரத்தத்துல சீனி ஏறுற வருத்தத்த அலட்சியமா விட்டதுல வந்த வென. ஒனக்குச் சொல்லக்கூடாதுன்னு என்கிட்டயும் வசந்திகிட்டயும் சத்தியம் வாங்கிருச்சு. அந்தச் சத்தியத்த இப்ப முறிக்கிறேன், என்ன வந்தாலும் வரட்டும். செவ்வாயும் வெள்ளியும் நுவரெலியாவுக்குப் போயி மெசின்ல ரத்தத்தச் சுத்தம் பண்ணிட்டு வரணும். முன்னெல்லாம் ஆட்டோ நம்ம லயத்து வீட்டு வாசல் வரைக்கும் வரும். போன மழையில நம்ம லயத்துக்குக் கீழ மண் சரிஞ்சு ரோட்டையே கொண்டு போயிருச்சு. அளக்குறதுக்கு ஆளுங்க வந்தாங்க, அளந்தாங்க, போனாங்க, அதோட சரி. இப்ப ஆட்டோ கீழ பாலத்தடியில நிக்குது. அங்க போறதுக்குத் தேயிலைக்கு நடுவுல போற படிதான் வழி. முன்னூறு படிக்கு மேல இருக்கு, பாசி புடிச்ச படி. நடக்க முடியாத ஒரு பொம்பளைய அதுல எப்படி எறக்குவ, சொல்லு பாப்போம்.

கம்பளியில போட்டுத்தான் தூக்குனோம். ஒனக்குத் தெரியும், நம்ம மலையில நடக்க முடியாதவங்கள ஒரு கம்புல கம்பளியத் தூளி மாதிரி கட்டி, அதுக்குள்ள மடக்கிப் போட்டு, முன்னால ரெண்டு, பின்னால ரெண்டு பேரா தோள் மாத்தித் தூக்கிட்டுப் போறதுதான் வழக்கம். ஒங்கம்மா முட்டிய நெஞ்சுல இடிச்சுக்கிட்டு, மூச்சு முட்டி, வழி நெடுக வாந்தி எடுத்துக்கிட்டுப் போகும். போன செவ்வாக்கெழம படியில வழுக்கி முன்னாடி தூக்குனவங்க ரெண்டு பேரும் உக்காந்துட்டாங்க. ஒங்கம்மா இடுப்பு கல்லு முனையில போயி மோதுச்சு. அழுவல. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்து வீட்டுல படுத்தப்பறம்தான் சொல்லுச்சு: "பொணத்தக்கூட நேரா நீட்டிப் படுக்க வச்சுத்தான் கொண்டு போறாங்க. இனிமே என்ன இதுல தூக்காதீங்க, நான் வரல." நேத்து வெள்ளிக்கெழம, சொன்ன மாதிரியே போகல. கால் ரெண்டும் வீங்கி, மொகம் உப்பி உக்காந்திருக்கு. டொக்டரம்மா முன்னமே சொல்லியிருக்காங்க, ஒரு தடவ விட்டா தண்ணி நெஞ்சுக்கு ஏறும், ரெண்டு தடவ விட்டா எங்க கையில ஒண்ணும் இல்லன்னு. ஒரு தடவ விட்டாச்சு. வர்ற செவ்வாக்கெழமதான் ரெண்டாவது.

நான் சும்மா கையக் கட்டிக்கிட்டு இருக்கல. போன மாசம் ஒங்கம்மா கம்பளிக்கு மொத தடவ மொகம் சுளிச்ச நாள்லயே ஒரு தூக்கு நாற்காலி செய்ய எறங்கிட்டேன். முதுகு சாயுறதுக்கு ஒரு சட்டம், கால் நீட்ட ஒரு பலகை, ரெண்டு பக்கமும் நீளக் கைப்புடி, நாலு பேரு நாலு மூலையில புடிச்சுத் தூக்கலாம். மொதல்ல இரும்புல செஞ்சேன். முப்பது வருசம் தேயிலை அரைக்கிற ஸ்டோர்ல மெசின் பிட்டரா இருந்தவனுக்கு இரும்பு என்ன பெரிய விசயமா? ரெண்டு நாள்ல முடிச்சுட்டேன். வெறும் நாற்காலியத் தூக்கவே ஆம்பளைங்க நாலு பேருக்கும் மூச்சு வாங்குச்சு. "பிட்டரண்ணே, இதுல அக்காவையும் ஒக்கார வச்சு ஈரப் படியில எறங்குனா அஞ்சு பேருக்குக் குழி வெட்டணும்"ன்னு சொல்லிட்டுக் கீழ வச்சுட்டாங்க. அவங்க சொன்னதுல தப்பு இல்ல.

அப்பறம் லிந்துலை டவுன்ல பழைய சாமான் கடை வச்சிருக்கிற முஸ்லிம் நானாகிட்டப் போனேன். ஏதோ ஹோட்டல ஒடைச்சதுல வந்த அலுமினியம் ஜன்னல் சட்டம், கைப்புடி ஒடிஞ்ச ஏணி ரெண்டு, எல்லாம் கெடந்துச்சு. பொறுக்கி எடுத்தேன். நானா சிரிச்சுக்கிட்டே சொன்னாரு, "பிட்டரய்யா, இதெல்லாம் பாக்குறதுக்குத்தான் ஒரே சாமான். ஜன்னல் வேற, ஏணி வேற, சோத்துச் சட்டி வேற. ஒங்கட மகள் இருந்தா கையில எடுத்துப் பாத்தே சொல்லும்." மூட்டையத் தோள்ல போட்டுக்கிட்டு வந்துட்டேன். நீ விட்டுட்டுப் போன வெல்டிங் மெசின் அப்படியே நம்ம பின்பக்கத்துல தகரம் சாச்சுப் போட்ட இறக்கத்துல சாக்கு மூடிக் கெடந்துச்சு. ஒட்டுற எடத்துல காத்துப் படாம ஊதுற காஸ் சிலிண்டர மட்டும் ஹட்டனுக்குக் கொண்டு போயி மாத்திக்கிட்டு வந்தேன். அப்பறம் ஆரம்பிச்சது பாரு என் ஏழரை.

மொத நாள் கருப்புக் கரியாத்தான் வந்துச்சு. நெருப்பு புடிக்குது, ஆனா ஒட்டுறதுக்கு உருக்கி விடுற கம்பி ஒட்டாம உருண்ட உருண்டயாத் தெறிச்சு ஓடுது, சுத்தி முழுக்கக் கரிப்பொடி. மெசின் செத்துப்போச்சுன்னு நெனச்சு அதத் திட்டினேன், கரண்டத் திட்டினேன், ஒன்னையும் திட்டினேன். ரெண்டு நாளு இப்படியே போச்சு. மூணாவது நாள்தான் சுவிச்சுக்குப் பக்கத்துல நீ நகத்துக்குப் பூசுற கியூட்டெக்ஸால வச்சிருந்த செவப்புப் புள்ளி கண்ணுல பட்டுச்சு. அலுமினியத்துக்கு மெசின ஏசியில வைக்கணும், அப்பத்தான் மேல இருக்கிற தோலு ஒடையும்னு நீ தலையால அடிச்சுச் சொல்லியிருக்க. நான் இரும்புக்கு வைக்கிற மாதிரி டிசியில வச்சிருக்கேன். நீ அந்தப் புள்ளி வச்ச அன்னைக்கி, மெசினுக்குப் பொட்டு வச்சுப் பூசையா பண்ணப் போறன்னு கேட்டுச் சிரிச்சவன் நான்தான்.

சுவிச்ச மாத்துனதும் நெருப்பு ஒழுங்காச்சு, ஆனா ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது, அங்கயும் இங்கயும் ஓடுது. ஜன்னல் சட்டத்து மேல பளபளப்புக்காகக் கம்பெனியில ஏத்துன பூச்சு இருந்திருக்கு, அது கரண்ட விடாது. அத அரத்தால ராவி எடுத்தேன். அப்பறம் பிரசால தேச்சேன், அப்பறம் தின்னரால தொடச்சேன். மறுபடியும் கருப்பு! என்னடா கருமம்னு உக்காந்து யோசிச்சா, நீ சொன்ன வரிசைக்கு நேர் மாறாச் செஞ்சிருக்கேன். மொதல்ல எண்ணெயத் தொடச்சுட்டுத்தான் தேய்க்கணும், தேச்சுட்டுத் தொடச்சா எண்ணெ அழுக்கு உள்ளாரப் போயிக் குந்திக்கும். அது போதாதுன்னு நான் தேச்சது இரும்பு தேய்க்கிற பிரசு. இரும்புத் துரு பூராத்தையும் அலுமினியத்துக்குள்ள நானே தேச்சு எறக்கியிருக்கேன். இரும்பு எப்பேர்ப்பட்ட சாமான் தெரியுமா, சூடேறுனா செவந்து காட்டும், பொறு பொறுன்னு சொல்லும். இந்த அலுமினியம் வெள்ளையா இருந்துக்கிட்டே பொத்துன்னு ஓட்டையாகிக் கீழ விழுந்துருது. எத்தனையோ சட்டத்த அப்படி ஓட்ட போட்டேன். நான் கோவத்துல அரத்தத் தூக்கி எறிஞ்சதுல வசந்தியோட கோழி ஒண்ணுக்குக் கால் ஒடிஞ்சு, அதுக்கு வேற ஏச்சு வாங்குனேன்.

அதுக்கு அடுத்தது பொத்தல். மேல பாக்க வெள்ளி மாதிரி மின்னுது, அறுத்துப் பாத்தா உள்ள ஆப்பத்துல இருக்கிற மாதிரி சின்னச் சின்னக் கண்ணு. காத்து காஸ அடிச்சுட்டுப் போகுதுன்னு இறக்கத்தச் சுத்தி டெண்ட் சீல கட்டினேன். நம்ம ஊரு மூடுபனியில சட்டமெல்லாம் வேர்த்து நிக்குது, அத லேசாச் சூடு காட்டி ஈரத்தப் போக்குனேன். அப்பறமும் பொத்தல். கடைசியில கம்பியக் கையில எடுத்து வெள்ளைத் துணியால உருவிப் பாத்தேன், துணி கருப்பாயிருச்சு. நம்ம வீட்டுல எது ஈரமானாலும் என்ன செய்வோம்? வெறகு, தீப்பெட்டி, உப்புச் சாடி, எல்லாத்தையும் அடுப்புக்கு மேல பரண்ல வைப்போம். நீ சாக்குல சுத்தி வச்சுட்டுப் போன ஒட்டுக் கம்பியையும் ஈரம் ஏறிரும்னு நான் அக்கறையா அங்கதான் செருகி வச்சிருந்தேன். மூணு வருசத்து அடுப்புப் பொகையும் தாளிச்ச எண்ணெயும் அதுல படிஞ்சு கெடந்துச்சு. ஒண்ணொண்ணாத் தின்னர் போட்டுத் தொடச்சேன். அதுக்கப்பறம் ஒட்டு நல்லா வந்துச்சு புள்ள. பத்து மூட்டு ஒட்டினேன், பத்தும் நீ ஒட்டுற மாதிரி வரிசையாப் படிஞ்சுச்சு. நான் பாட்டுக்கு எனக்கு நானே சபாசு சொல்லிக்கிட்டேன்.

ரெண்டு மூட்டு பாக்கி இருக்கும்போது கம்பி தீந்து போச்சு. தலவாக்கலையில கேட்டேன், ஹட்டன்ல கேட்டேன், இரும்புக் கம்பிதான் வச்சிருக்காங்க. ஒன்கூடப் பயிற்சி எடுத்து, ஒனக்குக் கம்பி குடுத்த அந்தக் கூட்டாளிப் புள்ளையும் இப்ப ஹட்டன்ல இல்லயாம். நாளு ஓடுது, ஒங்கம்மாவுக்குக் கால் வீங்குது. நான் என்ன செஞ்சேன்? பழைய சோத்துச் சட்டி விளிம்பக் கீத்துக் கீத்தா வெட்டி அதையே கம்பியா வச்சு ஒட்டிட்டேன். அதுவும் அலுமினியம்தானேன்னு. நேத்துக் காலையில ரெண்டு உர மூட்டைய நாற்காலியில கட்டி, விட்டத்துல தொங்க விட்டேன். கொஞ்ச நேரம் நின்னுச்சு. அப்பறம் "டிக்"குன்னு ஒரு சத்தம். கிட்டப் போயிப் பாத்தா ஒண்ணும் தெரியல. ஸ்டோர்ல நாங்க செய்யிற மாதிரி மண்ணெண்ணெயத் தடவித் தொடச்சுட்டு மேல சுண்ணாம்புப் பொடி தூவணும், கீறல் இருந்தா உள்ள போன எண்ணெ ஊறி வெளிய வந்து கோடு போடும். சுண்ணாம்பு இல்ல, சாமித் தட்டுல இருந்த திருநீற எடுத்துத் தூவினேன். வெள்ளைத் திருநீறுல கருப்பா ஒரு கோடு, மூட்டுக்கு நடுவால, நான் நெருப்பச் சட்டுன்னு எடுத்த எடத்துல ஆரம்பிச்சு அந்தக் கடைசி வரைக்கும். சுத்தியலால ஒரு தட்டுத் தட்டினேன், ரெண்டாப் போச்சு. முறிஞ்ச மொகம் சீனிக் கட்டிய ஒடைச்ச மாதிரி சாம்பல் நெறத்துல இருந்துச்சு. அந்த முறிவ நான் முன்னாடியே பாத்திருக்கேன் மகளே. நீயும் பாத்திருக்க.

கோயில் பலகையில நின்னு படிக்கிறவங்க இனிமே கவனமாப் படிங்க. மூணு வருசத்துக்கு முன்னாடி அம்மன் சப்பரம் ஒடிஞ்சு விழுந்துச்சே, அந்த முன்பக்கத்து ரெண்டு மூட்டையும் ஒட்டுனது என் மகள் இல்ல. நான்.

மர சப்பரத்தக் கரையான் தின்னுருச்சுன்னு, தோளுக்குப் பாரம் இல்லாம அலுமினியத்துல செய்வோம்னு சொன்னது நீ. பயிற்சி முடிச்சு வந்த கையோட, ஒம்பது நாளு குனிஞ்ச தல நிமிராம அந்தச் சட்டத்த அளந்து, தொடச்சு, ஒட்டுன. ரெண்டு மூட்டு இருக்கும்போது கம்பி பத்தாமப் போயி ஹட்டனுக்குப் போன. "அப்பா, அந்த ரெண்டையும் தொடாதீங்க, நான் வந்து பாத்துக்குறேன்"ன்னு சொல்லிட்டுத்தான் போன. நீ போன பின்னாடி கோயில் கமிட்டி ஆளுங்க வந்தாங்க, நல்ல நேரம் போகுது, சோடிக்கணும், இன்னும் முடியலயான்னு கேட்டாங்க. அதுல ஒருத்தர், மகள் வந்தாத்தான் பிட்டர் கை ஓடுமோன்னு ஒரு வார்த்த விட்டுட்டாரு. எனக்குச் சுர்ருன்னு ஏறிப்போச்சு. முப்பது வருசம் ஸ்டோர்ல ஒட்டுனவன், நேத்துப் பொறந்த பொட்டப்புள்ளைக்காகக் காத்துக்கிட்டு நிக்கணுமான்னு ஒரு திமிரு. சட்டி விளிம்ப வெட்டினேன், ஒட்டினேன், மேடு தெரியாம ராவினேன், வெள்ளிப் பெயின்ட அடிச்சேன். அவங்க முன்னாலயே அடிச்சேன்.

நீ மத்தியானம் கம்பியோட வந்து பாத்த. ஒன் மொகம் மாறுனது எனக்கு இப்பவும் கண்ணுல நிக்குது. "வேணாம்பா, அத அறுத்துட்டு மறுபடி ஒட்டிர்றேன், ஒரு மணி நேரம் போதும்"ன்ன. நான் ஒட்டுனா நிக்காதான்னு கத்துனேன். நீ அந்தக் கம்பியச் சாக்குல சுத்தி வச்சுட்டு உள்ள போயிட்ட. அந்தக் கம்பியத்தான் நான் இத்தன நாளாப் பரண்ல காய வச்சிருந்தேன். ஒனக்கு ஒரு புத்தி சொல்ல எனக்குத் தகுதி இருக்குன்னா இந்த ஒண்ணுதான்: பெத்தவன் கத்துனாலும் சரி, கமிட்டி கத்துனாலும் சரி, நிக்காதுன்னு ஒனக்குத் தெரிஞ்ச ஒட்ட விட்டுட்டு உள்ள போகாத. அறுத்துப் போட்டுட்டு மறுபடி ஒட்டு. அன்னைக்கி நீ என் பேச்சக் கேட்டது என் வளர்ப்பு. அந்த வளர்ப்பு தப்பு.

ஸ்டோர்கிட்ட ரோட்டு முடக்குல சப்பரம் திரும்பும்போது சட்டம் விட்டுருச்சு. அம்மன் மொகம் குப்புற விழுந்துச்சு. முன்னால தோள் குடுத்த செல்வத்துக்குத் தோள் எலும்பு முறிஞ்சுச்சு. எல்லாரும் கோயில் வாசல்ல கூடி, இது யாரு கை வச்சதுன்னு கோயில் கமிட்டித் தலைவர் கேட்டாரு. நான் வாயத் தொறக்கிறதுக்கு முன்னாடி கூட்டத்துல ஒரு பொம்பள, அந்தப் புள்ள தீட்டோட தொட்டிருப்பா, அதான் ஆத்தா எறங்கிட்டான்னு சொல்லுச்சு. நீ முறிஞ்ச எடத்துக்கிட்டக் குனிஞ்சு வெரலால தடவிப் பாத்த. அப்பறம் தல நிமிந்து என்னப் பாத்த. எனக்காக ஒரு நிமிசம் காத்துக்கிட்டு நின்ன. நான் என்ன சொன்னேன்? "எல்லாம் அவ கைவேலதான்"ன்னேன். ஊருக்கு முன்னாடி எனக்குப் பிட்டர்ங்குற பேரு போயிருமேன்னு சொன்னேன். நான் பெயின்ட் அடிச்சதப் பாத்த கமிட்டி ஆளுங்களும் உண்மைய மறச்சுட்டாங்க. நாக்கு அழுகிப் போயிருக்கணும் எனக்கு. இனிமே பொம்பளைங்க யாரும் சப்பரத்துல கை வைக்கக் கூடாது, கட்டுன கயித்துக்கு அந்தப் பக்கமே நிக்கணும்னு தீர்மானம் எழுதுனாங்க. அதுல நானும் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ஒங்கம்மா ஒன்னக் கேட்டுச்சு, அன்னைக்கி நீ சுத்தமா இருந்தியாடின்னு. அடுத்த வாரம் நீர்கொழும்புப் பக்கம் படகு கட்டுற யார்டுல வேலைன்னு பைய எடுத்துக்கிட்டுப் போயிட்ட. நேத்து நாற்காலி முறிஞ்ச கையோட ஒங்கம்மா பக்கத்துல போயி உக்காந்து எல்லாத்தையும் சொல்லிட்டேன். ஒங்கம்மாவுக்கு அன்னைக்கி உண்ம தெரியாது மகளே, அது என்ன நம்பித்தான் ஒன்னக் கேட்டுச்சு. நான் தண்ணி குடுத்தேன், வாங்கல. செவுத்தப் பாத்துத் திரும்பி உக்காந்துக்கிட்டு, "என் வாயால அந்தக் கேள்வியக் கேக்க வச்சுட்டீங்களே"ன்னு அதையே திருப்பித் திருப்பிச் சொல்லுச்சு. என்ன அடிச்சிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்.

இன்னக்கிக் காலையில, வேலைக்குப் பேரு குடுக்க எல்லாரும் கூடுற பெரட்டுக் களத்துக்குப் போனேன். பேரு கூப்பிட்டு முடிஞ்சதும் வேல பிரிக்கிற கண்டாக்குகிட்ட, நான் ஒரு விசயம் சொல்லணும்னு கேட்டேன். "சுருக்காச் சொல்லுங்க, கொழுந்துக்கு அனுப்பணும்"ன்னாரு. சுருக்காத்தான் சொன்னேன். சட்டி விளிம்பு, பெயின்ட், பொய், கையெழுத்து. தலைவர் தரையப் பாத்துக்கிட்டு, பழசக் கெளறி என்ன ஆகப் போகுதுன்னாரு. கொழுந்தெடுக்கிறவங்க பக்கத்துல இருந்து ஒரு பொம்பள, "அப்ப எங்கள மூணு வருசமா கயித்துக்கு அந்தப் பக்கம் நிறுத்துனது ஒங்க வீட்டுச் சோத்துச் சட்டியா?"ன்னு கேட்டுச்சு. சில பேரு சிரிச்சாங்க. எனக்கு அங்கயே உசுரு போயிருக்கலாம்னு இருந்துச்சு. தீட்டுன்னு சொன்ன அந்த அம்மாவும் அங்கதான் நின்னுச்சு, கொழுந்துப் பைய மாட்டிக்கிட்டு மலைக்கு ஏறிருச்சு.

செல்வம் என் கிட்ட வந்தான். அந்தத் தோள் அவனுக்கு இன்னும் ஒரு பக்கமாச் சாஞ்சுதான் இருக்கு. "பிட்டரண்ணே, என் பொஞ்சாதி மூணு வருசமா அந்தப் புள்ள பேரச் சொல்லி மண்ண வாரித் தூத்துறா. அந்த மண்ணையெல்லாம் நான் இப்ப எங்க கொண்டு போயிக் கொட்டுறது?"ன்னு கேட்டான். நான் அவன் கால்ல விழப் போனேன், தடுத்துட்டான். "அக்காவத் தூக்க செவ்வாக்கெழம நான் வருவேன். என் நல்ல தோளத்தான் குடுப்பேன். ஆனா ஒங்க ஒட்டுல தூக்க மாட்டேன். அந்த ரெண்டு மூட்டையும் அந்தப் புள்ள வந்து ஒட்டட்டும்"ன்னான். தூக்க வர்ற மத்த மூணு பேரும் அவன் பக்கம் போயி நின்னுக்கிட்டாங்க.

நானே அந்த ரெண்டு மூட்டையும் ஒட்டிரலாம்னு இனிமே எனக்கும் நம்பிக்க இல்ல. எந்தக் கம்பின்னு இப்பத் தெரியுது, நெருப்ப எடுக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக் கொறச்சு, கடைசிக் குழிய நெரப்பிட்டுத்தான் எடுக்கணும்னும் தெரியுது. தெரிஞ்சு என்ன? வலது கண்ணுல புரை வந்துருச்சு, மொகமூடியப் போட்டா கம்பி முனை ரெண்டாத் தெரியுது, கை நடுங்குது. அதனால முறிஞ்சத அறுத்து எடுத்து, நீ சொன்ன வரிசப்படி மொதல்ல தொடச்சு, அப்பறம் கடையில வாங்குன புதுப் பிரசால தேச்சு, வெள்ளைத் துணியில சுத்தி வச்சிருக்கேன். டெண்ட் சீல கட்டியிருக்கு. காஸ் பாதிக்கு மேல இருக்கு. நாளைக்கு ஞாயித்துக்கெழம, ஸ்டோர் ஓடாது, கரண்ட் முழுசா வரும். யார்டுல ஒன்கிட்டக் கம்பி இருக்கும். நாலு கம்பி போதும். என் மொகத்துல முழிக்க வேணாம்னா சொல்லு, நான் கீழ பாலத்தடியில போயி உக்காந்துக்குறேன், நீ வேலைய முடிச்சுட்டுப் போற வரைக்கும் மேல வர மாட்டேன். வெளையாட்டுக்குச் சொல்லல.

ஒங்கம்மா ஒன்னக் கூப்பிடக் கூடாதுங்குது. "எந்த மொகத்த வச்சுக்கிட்டு அவ ஒட்டுன நாற்காலியில நான் போயி உக்கார்றது, என்ன இப்படியே விட்டுருங்க"ன்னு சொல்லுது. அது சொல்றத இந்தத் தடவ நான் கேக்கப் போறதில்ல. அது பயத்துல சொல்லுது, வெக்கத்துல சொல்லுது. நேத்துல இருந்து சரியா மூச்சு விடக் கஷ்டப்படுது, சாஞ்சு படுக்க முடியல, தலகாணிய மடியில வச்சுக்கிட்டு அது மேல குனிஞ்சே உக்காந்திருக்கு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல மகளே. நான் செஞ்சதுக்கு நீ என்ன தண்டன குடுத்தாலும் வாங்கிக்குறேன், அத ஒங்கம்மா தலையில எறக்கிறாத.

இன்னக்கி மத்தியானம் நான் பெரட்டுக் களத்துல இருந்து திரும்பி வந்தப்ப வீடு பூராக் கருகுன நாத்தம். அடுப்புல கம்பளி எரிஞ்சுக்கிட்டு இருக்கு. ஒங்கம்மா அந்த வீங்குன காலோட தவழ்ந்து போயி, அத இழுத்து அடுப்புக்குள்ள தள்ளியிருக்கு. ஏன்டி இப்படிப் பண்ணுனன்னு கேட்டேன். "இது இருந்தா நீங்க மறுபடியும் இதுலதான் தூக்குவீங்க"ன்னுச்சு. செவ்வாக்கெழம விடியக் காலையில செல்வமும் மத்தவங்களும் வாசல்ல வந்து நிப்பாங்க. ஒங்கம்மாவத் தூக்குறதுக்கு இப்ப வீட்டுல வேற ஒண்ணும் இல்ல.

ஒங்கப்பன்